பிந்தி நடக்கும் பிள்ளைக்கு: கிளினிக்கிலிருந்து வீட்டு விறாந்தை வரை ஒரு முழு வழிகாட்டி

என் மகள் தனியே நடந்தது 22ஆவது மாதத்தில். அதற்கு முன் மாதக்கணக்காக வீட்டில் நாங்கள் செய்தது ஒன்றுதான்: அவளுடைய இரண்டு கையையும் மேலே தூக்கிப் பிடித்துக்கொண்டு விறாந்தையில் அங்குமிங்கும் நடத்திக்கொண்டு திரிவது. பிசியோதெரபி அறைக்குப் போன முதல் நாளும் அதையே செய்து காட்டினேன். அங்கிருந்த மிஸ் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "கையை விடுங்கோ அம்மா, பிள்ளை உங்கட கையில தொங்கிக்கொண்டு வருது" என்றார். பிறகு அவளை நிலத்தில் இருத்தி, பக்கத்தில் ஒரு சின்ன ஸ்டூலை வைத்து, "இவ தானா எழும்பட்டும். எழும்பப் பழகின பிள்ளை நடந்திடும்" என்றார்.

அந்தச் சொல்லைப் பிடித்துக்கொண்டுதான் நாங்கள் கரை சேர்ந்தோம். திருகோணமலையில் இப்படி ஒரு பிள்ளையை வைத்துக்கொண்டு இரவில் நித்திரை வராமல் இருக்கும் அம்மா அப்பாவுக்காக, எங்கிருந்து தொடங்குவது, வீட்டில் என்ன செய்வது என்று முழுவதையும் எழுதுகிறேன். நான் வைத்தியர் இல்லை. பிள்ளை பிந்துவதற்குக் காரணம் வீட்டுக்கு வீடு வேறு. ஆகவே இதிலுள்ள பயிற்சிகளை உங்கள் பிள்ளையைப் பார்த்த வைத்தியரிடமோ பிசியோதெரபிஸ்ட்டிடமோ காட்டிக் கேட்டபிறகே தொடங்குங்கள்.

முதலில் வயதைச் சரியாக எண்ணுங்கள்

"பக்கத்து வீட்டுப் பிள்ளை பத்து மாதத்தில் நடந்துவிட்டது" என்பது ஒரு கணக்கே இல்லை. உலக சுகாதார நிறுவனம் கானா, இந்தியா, நோர்வே, ஓமான், அமெரிக்கா ஆகிய ஐந்து நாடுகளின் ஆரோக்கியமான பிள்ளைகளைப் பார்த்து 2006இல் ஒரு கணக்கை வெளியிட்டது. அதன்படி யாரும் பிடிக்காமல் நிலத்தில் தனியே இருக்க (உட்கார) தொடங்குவது 3.8 முதல் 9.2 மாதத்துக்குள். பிடித்துக்கொண்டு நிற்பது 4.8 முதல் 11.4 மாதத்துக்குள். தனியே நடப்பது 8.2 முதல் 17.6 மாதத்துக்குள். நடக்கும் சராசரி வயது 12 மாதம்தான் என்றாலும் 16 மாதத்தில் நடக்கிற பிள்ளையும் இந்த எல்லைக்குள்தான் நிற்கிறது. நூற்றுக்கு நாலு பிள்ளைகள் கையும் முழங்காலும் ஊன்றித் தவழாமலே நடந்தார்கள் என்பதையும் அந்த ஆய்வு காட்டியது. தவழவில்லை என்பதற்காக மட்டும் பயப்பட வேண்டாம்.

மாதம் குறையப் பிறந்த பிள்ளை என்றால் கழித்து எண்ண வேண்டும். 32 கிழமையில் பிறந்தது என்றால் 40க்கு 8 கிழமை குறைவு. அப்படியானால் 18 மாதப் பிள்ளையை 16 மாதமாகத்தான் பார்க்க வேண்டும். இரண்டு வயது வரை இப்படிக் கழிப்பார்கள்.

நினைவில் வைக்க ஒரு லேசான வழி உண்டு. எங்கள் நாட்டில் 9 மாதத்தில் ஒரு ஊசி, 12 மாதத்தில் ஒரு ஊசி, 18 மாதத்தில் ஒரு ஊசி என்று எப்படியும் கிளினிக்குக்குப் போகிறோம். 9 மாத ஊசிக்குப் போகும்போது பிள்ளை யாரும் பிடிக்காமல் தனியே உட்கார்ந்திருக்கிறதா? 12 மாதத்தில் எதையாவது பிடித்து எழும்பி நிற்கப் பார்க்கிறதா? 18 மாதத்தில் நாலடி தனியே வைக்கிறதா? இந்த மூன்றில் எதற்காவது பதில் 'இல்லை' என்றால் அதை அங்கேயே வாய்விட்டுச் சொல்லிவிடுங்கள். ஊசி போட்டு, நிறை பார்த்து, அழுகிற பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வெளியே ஓடுகிற அவசரத்தில் நான் 12ஆவது மாதத்தில் சொல்லவில்லை. அந்தக் கவலை இன்றைக்கும் எனக்கு உண்டு.

காத்திருக்கக் கூடாத பிள்ளைகள்

"தகப்பனும் பிந்தித்தான் நடந்தவர்" என்று அப்பம்மா சொல்வது பொய்யாக இருக்காது. சில குடும்பங்களில் பிள்ளைகள் தவழாமல், இருந்தபடியே குண்டியால் அரக்கி அரக்கிப் போவார்கள். அப்படியான பிள்ளைகள் பலர் ஒன்றரை வயதைத் தாண்டித்தான் நடக்கிறார்கள், பிறகு சரியாகிவிடுகிறார்கள். ஆனால் அது பரம்பரைப் பழக்கமா, வேறு காரணமா என்று பார்த்துச் சொல்ல வேண்டியவர் வைத்தியர். வீட்டில் பேசித் தீர்க்கிற விஷயம் இல்லை.

கீழே சொல்பவற்றில் ஒன்று இருந்தாலும் 18 மாதம் வரை பார்த்துக்கொண்டிருக்க வேண்டாம். கால் கத்தரிக்கோல் மாதிரிப் பின்னிக்கொள்வது, பம்பர்ஸ் மாற்றும்போது தொடையை விரிக்கவே முடியாமல் இறுகி இருப்பது. அதற்கு மாறாக, தூக்கினால் கைக்குள்ளால் வழுகிப் போகிற அளவுக்குத் துவண்டு இருப்பது. ஒரு வயதுக்கு முன்பே ஒரு கையை மட்டும் பாவித்து மற்றக் கையை மடக்கி வைத்திருப்பது. ஒரு கால் மற்றதைவிடக் கட்டையாகத் தெரிவது. நிறுத்தினால் எப்போதும் நுனிக்காலில் மட்டும் நிற்பது. எல்லாவற்றையும்விட முக்கியம், நேற்று வரை செய்த ஒன்றை இன்று செய்யாமல் விட்டுவிடுவது. நன்றாக நின்ற பிள்ளை திடீரென்று காலை ஊன்ற மறுத்தால், காய்ச்சலும் சேர்ந்தால், கிளினிக் நாளுக்குக் காத்திருக்காமல் அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள்.

பெற்றோர் அறிந்திருக்க வேண்டிய இன்னொன்று: 18 மாதமாகியும் நடக்காத ஆண் பிள்ளைக்கு சி.கே. என்ற இரத்தப் பரிசோதனை செய்வது நல்லது. தசை நோய் ஏதும் உண்டா என்று அது காட்டிக்கொடுக்கும். வைத்தியர் சொல்லாவிட்டால் நீங்களே பணிவாகக் கேட்கலாம்.

யாரிடம், எந்த வழியால்

உங்கள் பகுதி மருத்துவமாதுவிடம் சொல்லுங்கள். வீட்டுக்கு வருகிறவர், பிள்ளையின் பதிவுப் புத்தகத்தில் எழுதுகிறவர் அவர்தான். அவர் வழியாக எம்.ஓ.எச். (சுகாதார வைத்திய அதிகாரி) அலுவலக வைத்தியர் பார்ப்பார். தேவையென்றால் மாவட்ட பொது வைத்தியசாலையின் பிள்ளை வைத்திய நிபுணருக்குக் கடிதம் தருவார். அங்கிருந்துதான் பிசியோதெரபிக்கு அனுப்புவார்கள். தமிழில் இயன்மருத்துவம் என்றும் எழுதியிருப்பார்கள். அரசாங்க ஆஸ்பத்திரியில் இது இலவசம்.

முதலில் நிபுணரிடம், பிறகு பயிற்சிக்கு என்ற வரிசையை மாற்ற வேண்டாம். இடுப்பு மூட்டு விலகியிருக்கும் பிள்ளைக்கு எத்தனை பயிற்சி செய்தாலும் மூட்டு தானாகப் பொருந்தாது, அதற்கு வேறு வைத்தியம். விற்றமின் டி குறைந்து எலும்பு மெலிந்த பிள்ளைக்கு மருந்து வேண்டும். தைரொயிட் குறைவுக்கும் அப்படித்தான். பெருமூளை வாதம் என்றால் பயிற்சியின் போக்கே வேறு. டவுன் நோய்க்குறி உள்ள பிள்ளைகள் சராசரியாக இரண்டு வயதை ஒட்டித்தான் நடக்கிறார்கள், அவர்களுக்குப் பயிற்சி இன்னும் நேரத்தோடே தொடங்க வேண்டும். என் மகளுக்கு மூட்டுகள் அளவுக்கு மிஞ்சி இளக்கம் என்று கண்டுபிடித்தார்கள். நான் இனிமேல் விவரிக்கும் பயிற்சிகள் அந்த வகைப் பிள்ளைக்கானவை. கால் இறுகிய பிள்ளைக்கு இவற்றை அப்படியே செய்யக் கூடாது.

போகும்போது பிள்ளையின் பதிவுப் புத்தகம், பிறந்தபோது தந்த துண்டு எல்லாம் எடுத்துப் போங்கள். எத்தனை கிழமையில் பிறந்தது, நிறை எவ்வளவு, பிறந்ததும் அழுததா, மஞ்சள் இருந்ததா என்று கேட்பார்கள். அதோடு போனில் நாலைந்து சின்ன வீடியோ: எப்படி இருக்கிறது, எப்படி நகர்கிறது, எழும்பப் பார்க்கும்போது என்ன செய்கிறது. ஆஸ்பத்திரியில் புது முகங்களைக் கண்டு வீரிட்டு அழுகிற பிள்ளை எதையும் செய்து காட்டாது. என் மகள் முதல் நாள் என் சீலையைப் பிடித்த பிடியை விடவில்லை. அந்த வீடியோதான் அன்றைக்குக் கைகொடுத்தது.

பிசியோதெரபிஸ்ட் ஒரு பயிற்சியைக் காட்டினால் பார்த்துவிட்டு வராதீர்கள். "நான் செய்கிறேன், சரியா என்று பாருங்கோ" என்று கேட்டு, உங்கள் கையாலேயே ஒரு தடவை செய்து காட்டுங்கள். அதை ஒருவர் வீடியோ எடுக்க அனுமதி கேளுங்கள். மூதூர், குச்சவெளி, வெருகல் பக்கமிருந்து வருகிறவர்களுக்கு ஒரு பயணத்திலேயே பாதி நாள் போய்விடும். அடிக்கடி வர முடியாது என்பதை வெளிப்படையாகச் சொன்னால் வீட்டில் செய்வதற்கென்று ஒரு திட்டம் எழுதித் தருவார்கள்.

வீட்டை ஒழுங்குபடுத்துதல்

கிழமையில் அரை மணித்தியாலம் ஆஸ்பத்திரிப் பாயில் நடப்பது பயிற்சி அல்ல, அது உங்களுக்கான பாடம். பயிற்சி நடப்பது வீட்டில், நீங்கள் சோறு வடிக்கிற நேரத்திலும் உடுப்பு மடிக்கிற நேரத்திலும்.

பெரிய சாமான் எதுவும் வாங்க வேண்டாம். உறுதியான கட்டில், ஆடாத ஒரு மரக்கதிரை, ஒரு சின்னப் பலகை ஸ்டூல், இரண்டு பிளாஸ்டிக் கதிரை, ஒரு பாய் போதும். ஸ்டூலின் உயரத்தை மட்டும் பார்த்து எடுங்கள். பிள்ளையின் முழங்காலில் இருந்து குதி வரை எவ்வளவோ அவ்வளவு உயரம். இருக்கும்போது இரண்டு பாதமும் முழுதாக நிலத்தில் படிய வேண்டும்.

வீட்டுக்குள் சப்பாத்து, மேஸ் இரண்டும் வேண்டாம். வெறுங்காலில் விடுங்கள். ஒரு நாள் பின்னேரம் நான் நிலத்தில் படுத்துக்கொண்டு அவள் பாதத்தை மட்டும் பார்த்தேன். சீமெந்தில் பெருவிரல் கவ்விப் பிடிக்கிறது. உள்ளங்கால் உள்ளே சாய்கிறது, சின்ன விரல்கள் விரிகின்றன, குதி ஒரு தரம் ஆடி மறுபடி நேராகிறது. அவள் நின்றது ஒரு பத்து விநாடிதான். அதற்குள் அந்தப் பாதம் எத்தனை வேலை செய்தது! சப்பாத்துக்குள் இது எதுவும் நடக்காது. டைல்ஸ் நிலம் என்றால் வழுக்கும், பாயோ ரப்பர் விரிப்போ போடுங்கள். (பிசியோதெரபிஸ்ட் கணுக்காலுக்குத் தாங்கியோ சப்பாத்துக்குள் வைக்கும் அட்டையோ தந்தால் அது வேறு கதை. அதைச் சொன்ன நேரமெல்லாம் போட வேண்டும்.)

நேரம்: நித்திரை கொண்டு எழும்பி, சாப்பிட்டு ஒரு அரை மணித்தியாலம் கழித்து. ஒரு தடவைக்கு ஐந்து, பத்து நிமிடம். நாளைக்கு நாலைந்து தடவை. அழத் தொடங்கினால் நிறுத்துங்கள். அழுதழுது செய்கிற பிள்ளை அந்த இடத்தையே வெறுத்துவிடும்.

எழும்பப் பழக்கும் படிகள்

*முழங்காலில் நிற்பது.* கட்டில் மெத்தையின் மேல் விளையாட்டுச் சாமானை வைத்து, பிள்ளையைக் கட்டிலைப் பார்த்தபடி முழங்காலில் நிறுத்துங்கள். குண்டியைக் குதியில் வைத்து இருந்துவிடப் பார்க்கும். உங்கள் இரண்டு கையையும் இடுப்பில் வைத்து, பின்புறம் நேராக வரும்படி மெல்ல முன்னே தள்ளிப் பிடியுங்கள். வயிறும் முதுகும் உறுதிப்படுவது இங்கேதான். நாங்கள் காலையே பார்த்துக் கவலைப்பட்டுக்கொண்டிருந்தோம், அவளுக்கு நடுவுடம்பில்தான் பலம் போதாமல் இருந்தது.

*ஒரு காலை ஊன்றி எழும்புவது.* அதே நிலையில் ஒரு பாதத்தை மட்டும் முன்னே எடுத்து நிலத்தில் பதியுங்கள். அந்த முழங்காலின் மேல் உங்கள் கையை வைத்து நேராகக் கீழே மெல்ல அழுத்துங்கள். மற்றக் கை இடுப்பில். உடம்புப் பாரம் முன்காலுக்கு வந்ததும் பிள்ளை தானாக எழும்பப் பார்க்கும். அந்த நேரம் தூக்கிவிட வேண்டாம், கை துடிக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள். வலது கால், பிறகு இடது கால் என்று மாறி மாறிச் செய்யுங்கள். எந்தப் பக்கம் கஷ்டமோ அதைக் குறித்துவைத்து அடுத்த கிளினிக்கில் சொல்லுங்கள்.

*ஸ்டூலில் இருந்து எழும்புவது.* எங்கள் வீட்டில் அதிக பலன் தந்தது இதுதான். ஸ்டூலில் இருத்தி, முன்னால் மரக்கதிரையில் அவளுக்குப் பிடித்ததை வையுங்கள். எங்களுக்கு அது வத்தகப்பழத் துண்டு. அவள் எட்டுகிறபோது மூக்கு கால்விரலுக்கு நேராக முன்னே வரவேண்டும். அப்போதுதான் குண்டி தானாக எழும்பும். பெரியவர்கள் நாங்களும் கதிரையில் இருந்து அப்படித்தான் எழும்புகிறோம், வேண்டுமென்றால் நிமிர்ந்தபடியே எழும்பிப் பாருங்கள், முடியாது. பின்னால் இருந்து முழங்கால்களை மட்டும் முன்னே வழிநடத்துங்கள். கையைப் பிடித்து இழுக்க வேண்டாம். ஒரு தடவைக்கு ஐந்தாறு முறை.

*இறங்கப் பழக்குவது.* இதைப் பலர் விட்டுவிடுகிறார்கள். பிடித்துக்கொண்டு எழும்பிய பிள்ளைக்குக் கீழே இருக்கத் தெரியாது, நின்றபடியே அழும். அம்மா ஓடிவந்து தூக்கும். நாளைக்கு எழும்பவே யோசிக்கும். நிலத்தில் ஒரு பொருளை வைத்து, இடுப்பைப் பிடித்து, முழங்கால் மடியக் குந்தி எடுக்கப் பழக்குங்கள். முதலில் ஸ்டூலின் மேல் இருக்கும் பொருளை, பிறகு கவிழ்த்த வாளியின் மேல் உள்ளதை, கடைசியாக நிலத்தில் உள்ளதை. இறங்கத் தெரிந்த பிள்ளைக்கு விழப் பயம் குறையும்.

*பக்கவாட்டில் நடப்பது.* கட்டில் நீளத்துக்குப் பொருட்களைத் தள்ளித் தள்ளி வையுங்கள். பிடித்தபடி பக்கமாக அடி வைக்கும். இரண்டு பக்கமும் போக வேண்டும். பழகியதும் கட்டிலுக்கு அருகே ஒரு கதிரையை ஒட்டி வைத்து மூலை திரும்பச் செய்யுங்கள். பிறகு கதிரையை ஒரு சாண் விலக்குங்கள், அடுத்த கிழமை இரண்டு சாண். ஒரு கையை விட்டு மறு கையால் எட்டுகிற அந்த ஒரு கணம்தான் தனியே நிற்பதன் தொடக்கம்.

*தள்ளிக்கொண்டு போவது.* பிளாஸ்டிக் கதிரை எடை குறைவு, தள்ளினால் வழுக்கி ஓடிப் பிள்ளை முகங்குப்புற விழும். இருக்கையில் ஐந்து கிலோ அரிசிப் பையை வையுங்கள். இப்போது மெதுவாக நகரும். பலம் வர வர அரிசியைக் குறைக்கலாம். மகள் இந்தக் கதிரையைத் தள்ளிக்கொண்டு குசினி வரை வந்து நிற்பாள், அந்தச் சத்தம் கேட்டாலே எனக்கு மனம் நிறையும்.

*கடைசியாகத்தான் கைபிடித்து நடப்பது.* பிடிக்கிற இடம் இடுப்பில் இருந்து தொடங்கி, பிறகு ஒரு கைக்கு வர வேண்டும். பிள்ளையின் கை அதன் தோளுக்குக் கீழே இருக்க வேண்டும், ஆகவே குனிய வேண்டியவர் நீங்கள். அடுத்ததாக ஒரு துவாயின் ஒரு முனையைப் பிள்ளையிடம் கொடுத்து மறு முனையை நீங்கள் பிடியுங்கள். துவாய் தொய்வாக இருக்கிறது என்று பிள்ளைக்குத் தெரியாமலே நாலடி போய்விடும்.

நடைவண்டியும் எண்ணெயும்

உள்ளே இருத்தி உருட்டுகிற வோக்கரை, யாராவது பரிசாகத் தந்திருந்தாலும், பாவிக்க வேண்டாம். அது கவட்டில் தொங்கவைத்து நுனிக்காலால் உந்தப் பழக்கும். நடையைப் பிந்த வைக்கும், படியால் உருண்டால் தலை அடிபடும். கனடா 2004இல் அதை விற்பதையே தடைசெய்துவிட்டது. எங்கள் சொந்தக்காரர் ஒருவர் தந்ததை நான் மடித்து அலுமாரிக்கு மேலே வைத்தேன். மனவருத்தம் வந்தது, பிறகு போய்விட்டது.

எண்ணெய் பூசித் தடவுவது நல்லது, பிள்ளைக்கும் அம்மம்மாவுக்கும் அது ஒரு சந்தோசமான நேரம். அதனால் பிள்ளை நடந்துவிடும் என்று மட்டும் நம்பியிருக்க வேண்டாம். மூட்டை இழுத்துச் சொடக்கு எடுப்பது, காலை முறுக்குவது எல்லாம் வேண்டவே வேண்டாம், மூட்டு இளகிய பிள்ளைக்கு அது ஆபத்து.

வெளியே கொண்டுபோங்கள்

திருகோணமலையில் பிள்ளை வளர்க்கிறவர்களுக்குக் கடற்கரை ஒரு பயிற்சிக் கூடம். வெயில் தாழ்ந்தபின் டச் பே பக்கம் போவோம். அலை வந்து போகிற ஈர மணல் இறுக்கமானது, முதலில் அதில் நிறுத்துங்கள். சற்று மேலே உள்ள காய்ந்த மணல் காலுக்கடியில் நழுவும், கணுக்கால் இருமடங்கு வேலை செய்யும். சீமெந்தில் பிடித்துக்கொண்டு நடக்கிற நிலைக்கு வந்தபிறகே அது. மணலில் விழுந்தாலும் வலிக்காது என்பதால் அங்கே பிள்ளைக்கும் துணிவு, எங்களுக்கும் துணிவு.

அப்புறம் மான்கள். கோட்டைப் பக்கம் திரிகிற மான்களைப் பார்த்துத்தான் அவள் முதன்முதலாக என் கையை உதறினாள். வத்தகப்பழமும் பொம்மையும் செய்யாததை அந்தப் புள்ளிமான் செய்தது. கிட்டப் போக விட வேண்டாம், தள்ளி நின்றே காட்டுங்கள். உங்கள் பிள்ளைக்கு அது ஆடாக இருக்கலாம், கோயில் மணியாக இருக்கலாம், அப்பாவின் மோட்டார் சைக்கிளாக இருக்கலாம். எதை நோக்கிப் போக ஆசைப்படுகிறது என்று கண்டுபிடியுங்கள்.

முன்னேற்றம் தெரியாத கிழமைகள்

வரும். இரண்டு மூன்று கிழமை எதுவும் நடக்காத மாதிரி இருக்கும். தடிமன் காய்ச்சல் வந்தால் பின்னுக்கும் போகும். காய்ச்சல் நாட்களில் பயிற்சியை நிறுத்தி, தேறியபின் இரண்டு படி பின்னால் இருந்து தொடங்குங்கள். ஞாயிற்றுக்கிழமை தோறும் ஒரே இடத்தில் ஒரு நிமிட வீடியோ எடுத்து வையுங்கள். ஒவ்வொரு நாளும் பார்க்கிற கண்ணுக்குத் தெரியாதது, மாதம் முந்திய வீடியோவோடு பக்கத்தில் வைத்தால் தெரியும். கொப்பியில் நான் எழுதியதெல்லாம் இவ்வளவுதான்: 'பிடித்து எழும்பினது 14 தரம். தானாக இருந்தது 3 தரம்.' ஆறு கிழமை ஒழுங்காகச் செய்தும் கணக்கு அசையவில்லை என்றால் அடுத்த தவணை வரை இருக்காமல் பிசியோதெரபிஸ்ட்டிடம் போய்க் கேளுங்கள்.

விழுவதைப் பற்றி ஒரு கணக்கு எனக்குப் பெரிய ஆறுதல் தந்தது. 2012இல் நியூயோர்க் பல்கலைக்கழகத்தின் கரென் அடோல்ஃபும் அவருடைய குழுவும் 12 முதல் 19 மாதப் பிள்ளைகளை இயல்பாக விளையாட விட்டு எண்ணினார்கள். ஒரு மணித்தியாலத்துக்குச் சராசரியாக 2,368 அடி, 17 விழுகை. எந்தக் குறையும் இல்லாத பிள்ளைகள் அவர்கள். அதற்குப் பிறகு மகள் விழும்போது "ஐயோ" என்று ஓடுவதை நிறுத்தினேன். ஓரங்களில் துணி சுற்றிவிட்டு, அவள் எழும்பும் வரை கையைக் கட்டிக்கொண்டு இருந்தேன்.

கோயிலிலும் கலியாண வீட்டிலும் "இன்னும் நடக்கேல்லையா?" என்று கேட்பார்கள். "ஆஸ்பத்திரியில காட்டுறம், பயிற்சி நடக்குது" என்று ஒரே வரியில் முடியுங்கள். பிள்ளைக்கு முன்னால் அதை நீட்ட வேண்டாம், ஒன்றரை வயதுப் பிள்ளைக்கு விளங்குவது நாங்கள் நினைப்பதைவிட அதிகம்.

நடந்தபிறகும்

முதல் நாலடி வைத்ததும் கிளினிக்கை விட்டுவிடுகிறவர்கள் உண்டு. விடாதீர்கள். நடை தொடங்கி ஆறு மாதத்துக்காவது வைத்தியர் பார்க்கட்டும். தொடக்கத்தில் காலை அகட்டி, கையை உயர்த்தி நடப்பது வழமை, மெல்ல மெல்லக் கை கீழே வரும். ஒரு பக்கம் நொண்டுவது, வாத்து மாதிரி இரு பக்கமும் ஆடுவது, நிலத்தில் இருந்து எழும்பும்போது தன் தொடையிலேயே கையூன்றி ஏறி எழும்புவது, இவற்றைக் கண்டால் வீடியோ எடுத்துக்கொண்டு உடனே போங்கள். பேச்சு, பார்வை, கேட்பது எல்லாம் வயதுக்கேற்ப வருகிறதா என்றும் அதே வருகையில் கேட்டுக்கொள்ளுங்கள்.

மகள் இப்போது படி ஏறப் பழகுகிறாள். ஏறுவது வந்துவிட்டது. இறங்குவதற்குத்தான் இன்னும் ஒரு கையால் சுவரைப் பிடிக்கிறாள். அந்தப் பலகை ஸ்டூலை வாசல் படிக்குக் கீழே போட்டு உயரத்தைக் குறைத்துக் கொடுத்திருக்கிறோம்.